முருகன் மேல சத்தியம் கேட்ட மாமி

என் இடது மார்போட எக்ஸ்ரே படத்துல, மேல்பக்கமா, கல் உப்பை இடிச்சுத் தூவின மாதிரி பொடிப்பொடியா வெள்ளைப் புள்ளிங்க. எல்லாம் ஒரே இடத்துல கூடி நின்னுச்சு. போன வருஷம் ஐப்பசி மாசம், ஒரு புதன்கிழமை, மத்தியானம் ஒண்ணரை மணி இருக்கும். படம் எடுக்கிற சுனிதா எப்பவும் வாய் ஓயாம பேசுற பொண்ணு. அவ பேச்சை நிறுத்துனா ஸ்கிரீன்ல என்னமோ இருக்குன்னு அர்த்தம். ஒன்பது வருஷமா பக்கத்துல நின்னு பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா? அன்னிக்கு அவ பேச்சை நிறுத்தினா. மெஷின் முன்னால நின்னது நான்.

அக்கா தங்கச்சிமாரே, செவ்வாய்க்கிழமை பூஜைக்கு வர்ற உங்க எல்லாருக்கும் என் முகம் தெரியும். நான் முத்துலட்சுமி. ஊரு திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி தாராவிக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆச்சு. எனக்கு வயசு அம்பத்தொண்ணு. செம்பூர்ல ஒரு ஸ்கேன் சென்டர்ல உதவியாள் வேலை. அங்க என்னை எல்லாரும் "மாவ்ஷி"ன்னுதான் கூப்பிடுவாங்க, மராத்தியில சித்தின்னு அர்த்தம். மார்பு எக்ஸ்ரே எடுக்க வர்ற பொம்பளைங்களுக்கு கவுன் எடுத்துக் கொடுக்கணும். நகையைக் கழட்டி வைக்கச் சொல்லணும். அக்குள்ல, மார்புல பவுடர் போட்டிருந்தா ஈரத்துணியால துடைச்சு விடணும். பவுடர் படத்துல புள்ளியா விழும். அப்புறம் மெஷின் பக்கத்துல கூட்டிட்டுப் போய் நிறுத்தி, பயப்படாதீங்கன்னு தைரியம் சொல்லணும். இவ்வளவுதான் என் வேலை.

ஆனா நான் மட்டும் எடுத்ததே இல்ல.

ஸ்டாஃபுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை சும்மாவே எடுப்பாங்க. எங்க டாக்டர் மேடம் ஒவ்வொரு வருஷமும் கேப்பாங்க. "மாவ்ஷி, நீ எப்போ?" நான் சிரிச்சுட்டு, "எனக்கு என் முருகன் இருக்கான் மேடம்"னு சொல்லிருவேன். கேக்கிறவங்களுக்கு அது பக்தி மாதிரி இருக்கும். எனக்குத்தான் தெரியும் அது பயம்னு.

என் அக்கா பேச்சியம்மா மார்புப் புற்றுநோயில போனவ. கட்டியை யாருகிட்டயும் சொல்லாம ஒரு வருஷம் மறைச்சு வச்சிருந்தா. புண்ணாகி வாடை வந்த பிறகுதான் வீட்டுல கண்டுபிடிச்சாங்க. அவளுக்காக நான் வேண்டாத வேண்டுதல் இல்ல. நாப்பத்தெட்டு நாள் விரதம் இருந்தேன். அவ நாப்பத்தாறு வயசுல போயிட்டா. அதுக்குப் பிறகும் நான் கோவிலுக்குப் போறதை நிறுத்தலை. ஆனா என் உடம்புக்காக எதையும் கேக்கிறதை நிறுத்திட்டேன். கேட்டு இல்லைன்னு சொல்லிட்டா என்ன செய்யுறதுன்னு ஒரு பயம். மெஷின்கிட்டயும் அதே பயந்தான்.

அந்தப் புதன்கிழமைக்கு வர்றேன்.

பன்னெண்டு மணி வாக்குல மாட்டுங்காவுல இருந்து ஒரு மாமி வந்தாங்க. பாலக்காட்டுக்காரங்க. அறுபத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கும். மருமக கூட்டிட்டு வந்து விட்டுட்டு, கீழே யாருக்கோ போன் பேசப் போயிட்டா. மாமி கவுனைப் போட்டுக்கிட்டாங்க. ஆனா மெஷினைப் பார்த்ததும் அப்படியே நின்னுட்டாங்க.

"ரெண்டு பலகைக்கு நடுவுல வெச்சு நசுக்குமாமே. நேக்கு வேண்டாம்மா" அப்படின்னாங்க.

"ஒண்ணும் தெரியாது மாமி. ரெண்டு நிமிஷம்" அப்படின்னேன். எல்லாருக்கும் சொல்றதுதான்.

"நீ எடுத்துண்டிருக்கியோ?"

"எடுத்திருக்கேன் மாமி. நல்லாத்தானே நிக்கேன்?" இந்தப் பொய்யும் எல்லாருக்கும் சொல்றதுதான். பயந்து வர்றவங்களுக்கு நல்லதுக்குத்தானே சொல்றோம்னு நினைச்சு, ஒன்பது வருஷமா ஒரு கூச்சமும் இல்லாம சொல்லிட்டு வந்தேன்.

மாமி என் கழுத்தைப் பார்த்தாங்க. சங்கிலியில முருகன் டாலர் தொங்குது.

"முருகனா? அப்போ அவன் மேல கையை வெச்சு சத்தியமா சொல்லு. எடுத்துண்டிருக்கியோ?"

கை டாலர் வரைக்கும் போச்சு. தொட முடியலை. வேற எந்தச் சாமி பேரைச் சொல்லிக் கேட்டிருந்தாலும் என்ன செஞ்சிருப்பேனோ தெரியாது.

"இல்ல மாமி" அப்படின்னேன்.

"அதானே பார்த்தேன். இந்த ரூமிலேயே நிக்கற உனக்கே பயம். நேக்கு மட்டும் தைரியம் சொல்ல வந்துட்டியே." சொல்லிட்டு கவுன் நாடாவை இறுக்கிக் கட்டிக்கிட்டாங்க. "நீ எடுத்துண்டா நானும் எடுத்துக்கறேன். இல்லேன்னா என் புடவையைக் குடு, நான் கெளம்பறேன்."

சுனிதாவுக்குத் தமிழ் தெரியாது. "க்யா ஹுவா மாவ்ஷி?"ன்னு என்ன ஆச்சுன்னு கேட்டா. நான் இந்தியில விவரத்தைச் சொன்னேன். அவ கையைத் தட்டிச் சிரிச்சா. "இந்தப் பெரியம்மா சரியாத்தான் பிடிச்சிருக்காங்க. இன்னிக்கு உன்னை விடப் போறதில்ல மாவ்ஷி. மேடம்கிட்ட நானே சொல்லுதேன், போய் கவுன் போடு" அப்படின்னா.

என்னால ஒரு பேஷண்ட் திரும்பிப் போயிட்டாங்கன்னு பேரு வரக்கூடாதுன்னுதான் அப்போ நினைச்சேன். நிஜமா அவ்வளவுதான் நினைச்சேன். பெரிசா ஒண்ணும் தோணலை. மாமிக்கு முதல்ல எடுத்தோம். நான் பக்கத்துலயே நின்னேன். ரெண்டு தடவை "அய்யோ"ன்னாங்க, முடிஞ்சிருச்சு. வெளிய வந்து உடுத்திக்கிட்டு, உடை மாத்துற இடத்துல இருக்கிற நாற்காலியில உக்காந்துட்டாங்க. "நீ வர்ற வரைக்கும் இங்கதான் இருப்பேன்"னு சொல்லிட்டாங்க.

பிறகு நான் போய் நின்னேன். எத்தனையோ பேரோட தோளைத் திருப்பி நிறுத்தியிருக்கேன், எனக்கு என் தோள் எங்க இருக்குன்னே தெரியலை. சுனிதாதான் பிடிச்சுத் திருப்பினா. பலகை கீழே இறங்கி அழுத்துச்சு. வலிச்சுது. மூச்சைப் பிடின்னா, பிடிச்சேன். வலது பக்கம் ரெண்டு, இடது பக்கம் ரெண்டு. அப்போதான் அவ பேச்சு நின்னுச்சு.

"மாவ்ஷி, காலையில பவுடர் போட்டியா?"

எனக்கு உயிரே திரும்பி வந்த மாதிரி ஆச்சு. போட்டிருந்தேன்! தினமும் குளிச்சதும் கழுத்துல இருந்து அக்குள் வரைக்கும் கொட்டிக்கிறது வழக்கம். ஊருக்கெல்லாம் துடைச்சு விடுறவ, என்னை நான் துடைச்சுக்கலை. "ஆமா ஆமா, பவுடர்தான், பவுடர்தான்"னு சொல்லிக்கிட்டே ஓடிப்போய் துணியை நனைச்சேன். ஒரு தடவை இல்ல, மூணு தடவை துடைச்சேன். தோல் சிவந்து போச்சு.

திரும்பவும் போய் நின்னேன். இந்தத் தடவை அந்த இடத்தை மட்டும் பெரிசாக்கி எடுத்தா. படம் வந்துச்சு. புள்ளிங்க போகலை. முன்னைவிடத் தெளிவா இருந்துச்சு.

டாக்டர் மேடம் வந்து பார்த்தாங்க. கையால தடவிப் பார்த்தாங்க, கட்டி எதுவும் இல்ல. சோனோகிராஃபியும் பண்ணினாங்க, அதுலயும் ஒண்ணும் தெரியலை. என்னை உக்கார வச்சு மெதுவா இந்தியில சொன்னாங்க. "இந்த மாதிரி சுண்ணாம்புப் புள்ளி நிறையப் பேருக்கு இருக்கும். பெரும்பாலும் ஒண்ணுமில்லாமப் போயிரும். ஆனா உன்னோடது ஒரே இடத்துல கூடி நிக்கிற விதம் எனக்குப் பிடிக்கலை. உன் அக்காவுக்கும் இருந்துச்சுன்னு சொல்ற. பெரிய ஆஸ்பத்திரியில ஊசி போட்டுச் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கணும்."

வெளிய வந்தேன். மாமி என் முகத்தைப் பார்த்தாங்க. எழுந்து வந்து என் தலையில ஒரு தடவை கையை வச்சுட்டு, மருமக கூடப் போயிட்டாங்க.

வீட்டுல நான் சொல்லலை. ஞாயித்துக்கிழமை வரைக்கும் சொல்லலை. என் வீட்டுக்காரர் சுடலைமுத்து, தோல் பை தைக்கிற பட்டறையில இருக்கார். அதிகம் பேசமாட்டார். கோவிலுக்கும் வரமாட்டார். நான் அக்கா செஞ்ச மாதிரியே மறைக்கேன்னு எனக்கே புரிஞ்சுது, ஆனா வாய் வரலை. ஞாயித்துக்கிழமை சாப்பிட உக்காந்தவர் ஒரு வாய் வச்சுட்டுத் தட்டைத் தள்ளிட்டார்.

"என்னட்டி இது, குழம்புல ரெண்டு தடவை உப்பைக் கொட்டிருக்க. நாலு நாளா நீ நீயா இல்ல. என்னன்னு சொல்லு."

சொன்னேன். அழுதுக்கிட்டேதான் சொன்னேன். நான் அழுகையை நிறுத்துற வரைக்கும் காத்திருந்தார்.

"மார்பை எடுக்கணும்பாங்களோ?"ன்னு கேட்டேன்.

"எடுத்தா எடுக்கட்டும்ட்டி. நீ இருக்கணும்லா" அப்படின்னார். எழுந்து கையைக் கழுவிட்டு, "எந்த ஆஸ்பத்திரி, எப்போ போவணும்?"னு கேட்டார். மறுநாள் காலையில அஞ்சு மணிக்கே கிளம்பிப் போய் டோக்கன் வரிசையில நின்னவர் அவர்தான். நானும் எங்க மக மகேஸ்வரியும் எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மகேஸ்வரி விக்ரோலியில ஒரு ஆபீஸ்ல வேலை பார்க்கா. அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், ஆனா இங்கிலீஷ் ரிப்போர்ட்டை வரி வரியா படிச்சு எனக்குச் சொல்லுவா. அன்னிக்கு இருந்து என் ஃபைல் அவ கையில.

மெஷின்ல மார்பை அழுத்தி வச்சுக்கிட்டே, மரத்துப்போற ஊசி போட்டு, துணுக்கு எடுத்தாங்க. ரிசல்ட்டுக்குப் பத்து நாள் ஆகும்னாங்க. அந்தப் பத்து நாளுக்குள்ளதான் கந்த சஷ்டி வந்துச்சு.

அந்த வருஷம் நான் விரதம் இருக்கலை. துணுக்கு எடுத்த புண்ணுக்கு மாத்திரை சாப்பிடணும். செவ்வாய்க்கிழமை நம்ம செம்பூர் கோவிலுக்கு மட்டும் போனேன். படி ஏறி மேல போய் நின்னேன். நீங்களெல்லாம் அந்தப் பக்கம் பாடிக்கிட்டு இருந்தீங்க. எனக்கு வாய் திறக்கலை. முதல்ல கோவந்தான் வந்துச்சு. "அக்காவைக் கேட்டேன், குடுக்கலை. இப்போ என்னையும் எடுத்துக்கப் போறியா?"ன்னு மனசுக்குள்ள சண்டை போட்டேன். அப்படி எவ்வளவு நேரம் நின்னேனோ. பின்னால கூட்டம் தள்ளுது. கோவம் எல்லாம் வடிஞ்ச பிறகு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். "முருகா, இது எதுவா இருந்தாலும் இருந்துட்டுப் போட்டும். அது இருக்கிற இடத்தைவிட்டு நகரக்கூடாது. வெளிய வரக்கூடாது. அவ்வளவுதான் நான் கேக்கேன்." அக்கா போன பிறகு என் உடம்புக்காக நான் கேட்ட முதல் வேண்டுதல் அதுதான்.

ரிசல்ட் வந்துச்சு. புற்றுநோய்தான்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் மேல எதுவும் காதுல விழலை. மகேஸ்வரி என் கையைப் பிடிச்சு உலுக்கி, "அம்மா, அம்மா, டாக்டர் சொல்றதை முழுசா கேளும்மா"ன்னா. அந்த டாக்டர் ஒரு பேப்பர்ல குழாய் மாதிரி ரெண்டு கோடு போட்டு, உள்ள நாலு புள்ளி வச்சாரு. "இது பால் குழாய். நோய் இதுக்குள்ளேயே இருக்கு. சுவரைத் தாண்டலை. இது ஆரம்பத்துக்கும் ஆரம்பம். ஆனா ஆபரேஷன் பண்ணி முழுசா எடுத்துச் சோதிச்ச பிறகுதான் உறுதியாச் சொல்ல முடியும்" அப்படின்னாரு. நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கிட்டு இருந்தேன். இருக்கிற இடத்தைவிட்டு நகரக்கூடாதுன்னு நான் கேட்டது அங்க என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

கார்த்திகை மாசக் கடைசியில ஆபரேஷன். கைக்குத் தட்டுப்படாத இடம்ங்கிறதால, காலையில எக்ஸ்ரே பார்த்து ஒரு மெல்லிசுக் கம்பியைச் செருகி இடத்தைக் குறிச்சுக்கிட்டாங்க. அந்தப் பகுதியை மட்டும் எடுத்தாங்க. மார்பு இருக்கு. ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பு, கொஞ்சம் உள்வாங்கின மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

எடுத்ததைச் சோதிச்ச ரிப்போர்ட்டுக்கு ரெண்டு வாரத்துக்கு மேல காத்திருந்தோம். துணுக்கு ரிசல்ட்டுக்குக் காத்திருந்ததைவிட இதுதான் கஷ்டம். ஒரு வெள்ளிக்கிழமை மகேஸ்வரி ஆபீஸ்ல இருந்து நேரா ஆஸ்பத்திரிக்குப் போய் வாங்கிட்டு, அங்கேயே நின்னு படிச்சுட்டு போன் பண்ணினா. "அம்மா, உள்ளேயேதாம்மா இருந்திருக்கு. வெளிய வரலை. சுத்தி எடுத்த ஓரமெல்லாம் சுத்தம்னு போட்டிருக்கு." பக்கத்துல ரயில் சத்தம். ரெண்டு தடவை சொல்லச் சொன்னேன். போனை என் வீட்டுக்காரர்கிட்ட குடுத்தேன், அவரும் ஒரு தடவை சொல்லச் சொன்னார். அப்புறம் சட்டையை மாட்டிக்கிட்டு வெளிய போயிட்டார். அரை மணி கழிச்சு ரெண்டு முழம் மல்லிகைப் பூவோட வந்தார். "கோவிலுக்குப் போவேல்லா, கொண்டுபோ" அப்படின்னார். "நீங்களும் வாங்க"ன்னேன். "நீ போயிட்டு வா"ன்னார். ஆனா கோவில் வாசல் வரைக்கும் பஸ்ல கூட வந்தார்.

தை மாசத்துல மூணு வாரம் ரேடியேஷன் கொடுத்தாங்க. தோல் கருத்துப் போச்சு, களைப்பா இருந்துச்சு, அதைத் தவிர ஒண்ணுமில்ல. இப்போ தினமும் ஒரு மாத்திரை. அஞ்சு வருஷம் போடணும். மாசி முடிஞ்சதும் வேலைக்குத் திரும்பிட்டேன்.

நான் லீவுல இருந்தப்போ மாட்டுங்கா மாமி ரெண்டு தடவை சென்டருக்கு வந்து என்னைப் பத்தி விசாரிச்சாங்களாம். அவங்க ரிப்போர்ட் சுத்தமா வந்துருச்சு, ஒரு குறையும் இல்ல. நான் வேலைக்குச் சேர்ந்த வாரத்துல நேராவே வந்துட்டாங்க. "உன்னை வற்புறுத்தினதுக்கு நான் எத்தனை நாள் தூங்காம இருந்தேன் தெரியுமோ? நான் வாயை வெச்சதுனாலதான் உனக்கு வந்துடுத்தோன்னு" அப்படின்னு கண் கலங்கினாங்க. "மாமி, நீங்க கேக்காம இருந்திருந்தா அது உள்ளேயே வளந்துக்கிட்டு இருந்திருக்கும். எனக்குத் தெரியவே தெரிஞ்சிருக்காது"ன்னு சொன்னேன். அவங்களுக்கு அது நிம்மதியா இருந்துச்சோ இல்லையோ, எனக்கு அதுதான் உண்மை.

இப்போ நான் நினைச்சுப் பார்க்கிறதைச் சொல்லுதேன். நான் கோவில்ல போய் நின்னு கேட்டது ஐப்பசி சஷ்டிக்கு. மாமி வந்தது அதுக்கு முந்தியே. நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாலேயே அவன் ஆளை அனுப்பிட்டான். வருஷா வருஷம் டாக்டர் மேடம் வாய் வழியாவும் அவன்தான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கான். அவன் பேரைச் சொல்லியே நான் அவனைத் தட்டிக் கழிச்சேன்.

அக்காவுக்கு ஏன் கிடைக்கலைன்னு நீங்க கேக்கலாம். எனக்குத் தெரியாது. அதுக்குப் பதில் தெரிஞ்ச மாதிரி நான் இங்க நின்னு பேசமாட்டேன். அவ வெளிய சொல்லியிருந்தா அவளுக்கும் ஒரு வழி இருந்திருக்கும்னு மட்டும் தோணுது. அதை நினைச்சா இன்னும் அழுகை வருது.

என் வாழ்க்கையில என்ன மாறிச்சுன்னா, வேலையில பொய் சொல்றதை விட்டுட்டேன். வலிக்குமான்னு கேட்டா, வலிக்கும், கொஞ்ச நேரம்தான்னு சொல்லுதேன். வீட்டுலயும் எதையும் மறைக்கிறது இல்ல. சாமிகிட்ட கேக்கப் பயப்படுறதும் இல்ல. இல்லைன்னு சொன்னா சண்டை போட்டுக்கலாம்னு இருக்கேன்.

கடைசியா ஒண்ணு. நம்ம செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துல நாப்பது வயசு தாண்டினவங்க பதினோரு பேர் இருக்கோம். என்னையும் சேர்த்து ஆறு பேர் இதுவரைக்கும் எடுத்தாச்சு. என்னைத் தவிர ஒருத்தியை மட்டும் திரும்ப வரச்சொல்லிப் பார்த்தாங்க, வெறும் நீர்க்கட்டின்னு சொல்லி அனுப்பிட்டாங்க. மிச்சம் அஞ்சு பேர். யாருன்னு நான் பேர் சொல்லப் போறதில்ல. இப்போ ரெண்டு பேர் தலையைக் குனிஞ்சுட்டீங்க, அதுவும் எனக்குத் தெரியுது. கட்டி ஒண்ணும் தட்டுப்படலையேன்னு சொல்லாதீங்க. எனக்கும்தான் தட்டுப்படலை. சாமி பார்த்துக்குவார்னும் சொல்லாதீங்க. பார்த்துக்கத்தான் செய்வார். நீங்க ஒரு எட்டு நடந்து வரணும்.

வர்ற வியாழக்கிழமை நான் லீவு வாங்கியிருக்கேன். காலையில பத்து மணிக்கு நாலு ரோடு கூடுற நாக்கா பஸ் ஸ்டாப்புல நிப்பேன். வெறும் வயித்தோட வரவேண்டியது இல்ல, நல்லா சாப்பிட்டுட்டே வாங்க. வீட்டுல கேட்டா என் பேரைச் சொல்லுங்க. அஞ்சு பேரும் வந்தா அஞ்சு பேரையும் கூட்டிட்டுப் போறேன். ஒருத்தர் வந்தாலும் போவோம். நான் பதினொரு மணி வரைக்கும் அங்கேயே நிப்பேன். முருகா.